பூட்டிய கதவும் கடைசி நாளும்

பள்ளி நூலகத்திலிருந்தோ ஊர் நூலகத்திலிருந்தோ நீங்கள் புத்தகம் எடுத்து வந்திருப்பீர்கள். புத்தகத்தின் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஊதா மையில் வரிசையாகத் தேதி முத்திரைகள் இருக்கும். கடைசி முத்திரைதான் புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய நாள். அதற்குத் தவணைத் தேதி என்று பெயர்.

இந்தத் தேதியைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்? இன்றைய தேதியோடு 14-ஐக் கூட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது! ஏன் என்று தெரிந்துகொள்ளப் பழனி மலைக்கு ஒருமுறை போய் வருவோம், வாருங்கள்.

கொடைக்கானல் நகரை அடுத்து அட்டுவம்பட்டி என்ற ஊர் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு தமிழக அரசு நிறுவிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்குதான் உள்ளது. இந்த ஊரில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவள் வீடு மலையின் உட்பகுதியிலுள்ள மன்னவனூரில். அவள் புத்தகம் எடுக்கும் நூலகமும் நமது கற்பனைதான். அந்த நூலகத்துக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. தவணை 14 நாள். தாமதமானால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். ஆனால் நாம் எடுத்துக்கொள்ளப்போகும் காலண்டர் உண்மையானது; அது 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் காலண்டர்.

ஜனவரி 2, வியாழக்கிழமை. மாணவி ஒரு புத்தகம் எடுக்கிறாள். கணிப்பொறி 2-உடன் 14-ஐக் கூட்டுகிறது. 'ஜனவரி 16' என்று சீட்டு வருகிறது. இடையில் பொங்கல் வருகிறது, ஊருக்குப் போகிறாள். கடைசி நாள் தவறக்கூடாதே என்று 16-ஆம் தேதி காலையில் பஸ் பிடித்து, வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் வந்து சேர்கிறாள். நூலகக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. அன்று உழவர் திருநாள்! மறுநாளும் பூட்டு. அடுத்து சனி, ஞாயிறு. திங்கட்கிழமை, 20-ஆம் தேதி, கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து புத்தகத்தை நீட்டுகிறாள். கணிப்பொறித் திரையில், 'தாமதம் 4 நாள், அபராதம் 4 ரூபாய்' என்று வருகிறது.

தவறு யாருடையது? மாணவி சரியான நாளில் வந்தாள். நூலகர் அரசு விடுமுறையன்று கதவைப் பூட்டினார். கணிப்பொறியோ கூட்டலில் பிழை செய்யவில்லை. மூவரும் சரி; முடிவு மட்டும் அநியாயம். இந்தப் புதிரை அவிழ்ப்பதுதான் நம் வேலை.

முத்திரைக் கட்டையின் அறிவு

கணிப்பொறி வருவதற்கு முன் இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது? நூலகரின் மேசையில் ஒரு தேதி முத்திரைக் கட்டை இருக்கும். காலையில் வந்ததும் அதன் ரப்பர் வளையங்களைத் திருப்பி அன்றைய தவணைத் தேதியை வைப்பார். வைக்குமுன் சுவரில் தொங்கும் காலண்டரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தத் தேதி சிவப்பு எழுத்தில் இருந்தால் வளையத்தை இன்னும் ஒரு பல் தள்ளுவார். அதுவும் சிவப்பா? இன்னும் ஒரு பல். கறுப்பு எழுத்து வரும்வரை தள்ளிவிட்டு, அன்று முழுவதும் அதே முத்திரையைக் குத்துவார்.

அந்த ஒரு பார்வையில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்! வாரத்தில் எந்த நாள் விடுமுறை, எந்தப் பண்டிகை எப்போது, ஊர்த் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கணிப்பொறிக்குச் சுவர்க் காலண்டர் தெரியாது. நாம் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. எப்படிச் சொல்லிக் கொடுப்பது? படிப்படியாகப் பார்ப்போம்.

நாளுக்கு ஓர் எண்

முதல் படி, தேதிகளைக் கூட்டுவது. மாதங்களுக்கு 30 நாளும் 31 நாளும் மாறி மாறி வருகின்றன. பிப்ரவரிக்கு 28 அல்லது 29. பிப்ரவரி 20-ஆம் தேதி எடுத்த புத்தகத்துக்கு 14 நாள் தவணை என்றால், 2023-இல் கடைசி நாள் மார்ச் 6. லீப் ஆண்டான 2024-இல் அது மார்ச் 5. இந்த வம்பிலிருந்து தப்ப ஒரு பழைய உத்தி இருக்கிறது. அதை வானியல் அறிஞர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

அட்டுவம்பட்டியிலிருந்து வெகுதூரம் போகவேண்டாம். கொடைக்கானலிலேயே 1899-இல் தோன்றிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1910-ஆம் ஆண்டின் ஒரு படத்துக்கும் 2010-ஆம் ஆண்டின் ஒரு படத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று மாதம் மாதமாக எண்ணிக் கொண்டிருக்க முடியுமா? அதனால் வானியலார் மாதத்தையும் ஆண்டையும் விட்டுவிட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொடர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஜூலியன் நாள் எண் என்று பெயர். கி.மு. 4713-இல் தொடங்கும் எண்ணிக்கை அது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு உரிய எண் 24,51,545.

இது மேல்நாட்டாரின் சொத்து மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டுச் சோதிட கணிதத்தில் கி.மு. 3102-இல் கலியுகம் பிறந்ததாகக் கொண்டு, அன்றிலிருந்து கடந்த நாட்களை எண்ணும் முறை உண்டு. அதை அகர்கணம் என்பார்கள். பஞ்சாங்கம் கணித்தவர்களின் முதல் வேலையே இந்த நாள் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான். கணிப்பொறியும் இதையே செய்கிறது. பல கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணத் தொடங்குகின்றன. தொடக்கம் வேறு; உத்தி ஒன்றுதான்.

நம் மாணவி புத்தகம் எடுத்த 2025 ஜனவரி 2-இன் ஜூலியன் எண் 24,60,678. அதனுடன் 14-ஐக் கூட்டினால் 24,60,692. அதை மீண்டும் தேதியாக மாற்றினால் ஜனவரி 16. மாதமும் லீப் ஆண்டும் இந்த மாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த எண்ணை 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் திங்கள், 1 என்றால் செவ்வாய், 2 என்றால் புதன், 3 என்றால் வியாழன். 24,60,678-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே வியாழன்! காலண்டரைப் பார்க்காமலே கிழமை கிடைத்துவிட்டது. வார விடுமுறையைக் கணிப்பொறி கண்டுகொள்வது இந்த வகுத்தலால்தான்.

பதினான்கா, பதினைந்தா?

இங்கே ஒரு சின்னக் குழி இருக்கிறது. விழாமல் தாண்டுவோம். இன்று புதன்கிழமை. "எட்டாம் நாள் வா" என்று பாட்டி சொன்னால் என்றைக்குப் போவீர்கள்? அடுத்த புதன்கிழமை. இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுவது நம் வழக்கம். அதனால்தான் இரண்டு வாரத்தை நாம் 'பதினைந்து நாள்' என்கிறோம். கணக்கு வாத்தியாரோ இரண்டு வாரம் 14 நாள் என்பார். இரண்டும் சரிதான். ஒன்றில் தொடக்க நாள் சேர்ந்திருக்கிறது, மற்றதில் சேரவில்லை.

பேச்சில் இது தொல்லை தராது. ஆனால் 'தவணை 15 நாள்' என்று பலகையில் எழுதிவிட்டு, அதன் பொருளை மென்பொருள் எழுதுபவருக்குச் சொல்லாமல் விட்டால் ஊரெல்லாம் ஒருநாள் வித்தியாசம் வரும். இந்திய அரசின் சட்டங்களுக்குப் பொருள் கொள்ள உதவும் பொது உட்பிரிவுகள் சட்டம் 1897-இல் இயற்றப்பட்டது. ஒரு நாளி'லிருந்து' என்று சட்டத்தில் எழுதினால் அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ணவேண்டும் என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. நாமும் அவ்வாறே வைத்துக்கொள்வோம். எடுத்த நாள் கணக்கில் இல்லை.

சிவப்பு நாட்கள்

இரண்டாம் படிதான் கடினமானது. எந்த நாள் கதவு பூட்டியிருக்கும் என்று கணிப்பொறி எப்படி அறியும்?

சில விடுமுறைகள் சாதுவானவை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, டிசம்பர் 25 ஆகியவை ஆண்டுதோறும் அதே தேதியில் வரும். ஒருமுறை எழுதிவிட்டால் போதும். வார விடுமுறையும் அப்படித்தான். ஆனால் அது எல்லா நூலகத்துக்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின் கிளை நூலகங்களில் வெள்ளிக்கிழமை விடுமுறை, கல்லூரிகளில் ஞாயிறு. ஆகவே ஊருக்கு ஒரு காலண்டர் போதாது. நூலகத்துக்கு ஒரு காலண்டர் வேண்டும்.

அடுத்த வகை நகரும் விடுமுறைகள். சூரியன் மகர ராசியில் புகும் நேரத்தைப் பொறுத்துப் பொங்கல் ஜனவரி 14-இலோ 15-இலோ வரும். 2025-இல் 14, 2026-இல் 15. தீபாவளி சந்திரனைப் பார்த்து நகரும். புனித வெள்ளிக்குத் தனிக் கணக்கு உண்டு. இவற்றைச் சூத்திரம் போட்டுக் கணித்துவிடலாம் என்று துணிவீர்கள். ரமலானுக்கு என்ன செய்வீர்கள்? பிறை கண்ணுக்குத் தெரிந்தது என்று தலைமைக் காஜி அறிவித்த பிறகுதான் பண்டிகை. வானத்தில் மேகம் இருந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது.

அதற்கும் மேலே அரசாணை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலைத் தமிழக அரசு வெளியிடுகிறது. பிற்பாடு அது மாறுவதும் உண்டு. 2025 பொங்கலுக்கு 14, 15, 16 ஆகிய மூன்று நாட்கள் பட்டியலில் இருந்தன. ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, தனி ஆணையால் பின்னர் சேர்க்கப்பட்டது. ஈடாக ஜனவரி 25, சனிக்கிழமை, வேலை நாளாக அறிவிக்கப்பட்டது. இப்படி ஓர் ஆணை வரும் என்று எந்தக் கணிதத்தாலும் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? முடியாது.

ஆகவே இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தேதியைக் கூட்டுவது கணக்கு. விடுமுறையை அறிவது செய்தி. கணக்கைக் கணிப்பொறி தானே போட்டுக்கொள்ளும். செய்தியை ஒரு மனிதர்தான் அதற்குச் சொல்லவேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு ஓர் உண்மை மென்பொருளைப் பார்க்கலாம். அதன் பெயர் கோஹா. நியூசிலாந்தின் மவோரி மொழியில் அதற்கு அன்பளிப்பு என்று பொருள். 1999-இல் அந்நாட்டின் ஹோரோவெனுவா என்ற பகுதியின் நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் வேலை தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். நம் நாட்டிலும் பல கல்லூரி நூலகங்களில் இது ஓடுகிறது. இது பிறந்த கதையும் தேதிக் கதைதான்! ஆண்டைக் குறிக்கக் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்திருந்த பழைய மென்பொருள்கள் 2000 பிறந்தால் தடுமாறும் என்ற அச்சம் அன்று உலகெங்கும் இருந்தது. அந்த நூலகத்தாரின் பழைய மென்பொருளும் அந்த ஆண்டைத் தாங்காது என்பதால்தான் புதியதை எழுதவைத்தார்கள்.

கோஹாவில் ஒவ்வொரு நூலகத்துக்கும் தனிக் காலண்டர் உண்டு. அதில் வாரந்தோறும் வரும் விடுமுறை, ஆண்டுதோறும் அதே தேதியில் வரும் விடுமுறை, ஒருமுறை மட்டும் வரும் விடுமுறை என்று பிரித்து எழுதலாம். விதிவிலக்கு என்று இன்னொன்றும் உண்டு. 'எல்லாச் சனியும் விடுமுறை. ஆனால் 2025 ஜனவரி 25 மட்டும் திறந்திருக்கும்' என்பது விதிவிலக்கு. நீங்களே இப்படி ஒரு நிரல் எழுதினால் விதிவிலக்கைத்தான் முதலில் பார்க்கச் சொல்லவேண்டும். வார விடுமுறையை முதலில் பார்த்தால், 'சனியா? பூட்டு!' என்று சொல்லிவிட்டுக் கணிப்பொறி போய்விடும். விதிவிலக்கை எட்டியும் பார்க்காது.

ஒரு புத்தகம், நான்கு விடைகள்

காலண்டர் தயார். இனி அதை வைத்து என்ன செய்வது? கோஹா நான்கு வழிகளைக் காட்டி, எது வேண்டும் என்று நூலகத்தாரைக் கேட்கிறது. நம் மாணவியின் புத்தகத்துக்கு நான்கையும் போட்டுப் பார்ப்போம்.

முதல் வழி: காலண்டரைப் பார்க்காதே, வெறுமனே கூட்டு. விடை ஜனவரி 16, வியாழன். அன்று பூட்டு.

இரண்டாம் வழி: கூட்டு, வந்த நாள் பூட்டிய நாளானால் அடுத்துத் திறக்கும் நாளுக்குத் தள்ளு. முத்திரைக் கட்டை நூலகர் செய்தது இதுதான். 16, 17, 18, 19 எல்லாம் பூட்டு. விடை ஜனவரி 20, திங்கள்.

மூன்றாம் வழி: வாரக் கணக்கில் தவணை இருந்தால், அதே கிழமையில் அடுத்துத் திறக்கும் நாளுக்குத் தள்ளு. வியாழன்தோறும் நூலகம் வருபவருக்கு இது வசதி. 14 நாள் என்பது சரியாக இரண்டு வாரம். ஆகவே விடை அடுத்த வியாழன், ஜனவரி 23.

நான்காம் வழி: பூட்டிய நாட்களை எண்ணவே எண்ணாதே, திறந்திருக்கும் நாட்களை மட்டும் 14 எண்ணு. 3-ஆம் தேதி ஒன்று. 6 முதல் 10 வரை ஐந்து, ஆக ஆறு. 13-ஆம் தேதியோடு ஏழு. பிறகு ஆறு நாள் தொடர்ந்து பூட்டு. 20 முதல் 24 வரை ஐந்து; ஆகப் பன்னிரண்டு. சனிக்கிழமை 25 விதிவிலக்கான வேலை நாள், பதின்மூன்று. 26 ஞாயிறு. 27, திங்கள், பதினான்கு. விடை ஜனவரி 27.

16, 20, 23, 27! எடுத்த நாளும் தவணையும் ஒன்றே, விடைகள் நான்கு. எது சரி என்று கணிதம் சொல்லாது. மாணவிக்கு நான்காம் வழி இனிக்கும். ஆனால் அதே புத்தகத்துக்காகக் காத்திருக்கும் அடுத்த மாணவிக்கு அது பதினொரு நாள் கூடுதல் காத்திருப்பு. எல்லோரையும் நினைத்துத்தான் விதி வைக்கவேண்டும். இரண்டாம் வழி இருவருக்கும் பொதுவாக இருக்கிறது, அல்லவா? இதையே வெள்ளி மட்டும் வார விடுமுறையாக உள்ள ஒரு நூலகத்தில் போட்டால் விடை ஜனவரி 18, சனி. நூலகத்துக்கு ஒரு காலண்டர் வேண்டும் என்றது இதனால்தான்.

இரண்டாம் வழியைக் கணிப்பொறிக்கு இப்படிச் சொல்லலாம்:

1. எடுத்த நாளோடு 14-ஐக் கூட்டு.
2. வந்த நாள் பூட்டிய நாளா என்று காலண்டரில் பார்.
3. ஆம் என்றால் ஒரு நாள் கூட்டி, மீண்டும் 2-க்குப் போ.
4. இல்லை என்றால் அதுவே தவணைத் தேதி.

நான்கே வரிதான், ஆனால் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காலண்டர் நிரப்பும்போது யாரோ கைதவறி ஏழு கிழமைகளையும் விடுமுறை என்று குறித்துவிட்டார்கள் என்று வையுங்கள். கணிப்பொறி 3-லிருந்து 2-க்கும் 2-லிருந்து 3-க்கும் செக்கு மாடுபோலச் சுற்றிக்கொண்டே இருக்கும். நூலகர், 'இது வேண்டாம்' என்று ஒரு கணத்தில் நிறுத்தியிருப்பார். கணிப்பொறிக்குச் சலிப்பு கிடையாது. ஆகவே, 'ஓர் ஆண்டு தேடியும் கிடைக்காவிட்டால் நின்று நூலகரைக் கேள்' என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்ப்பது நல்லது.

அபராதக் கணக்கு தனி

தவணைத் தேதியைச் சரிசெய்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அபராதக் கணக்கு தனியாக இருக்கிறது. 16-ஆம் தேதி தவணை, 20-ஆம் தேதி வருகை என்றால் வெறும் கழித்தல் 4 ரூபாய் என்கிறது. பூட்டிய நாட்களை அபராதத்தில் சேர்க்காதே என்று மென்பொருளில் குறித்துவிட்டால்? 17, 18, 19 மூன்றும் கழிந்து 20 மட்டும் நிற்கும். அபராதம் ஒரு ரூபாய்.

நான்கு ஒன்றாகிவிட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஒரு ரூபாயும் நியாயமா? கதவு திறந்த முதல் நாளிலேயே அல்லவா வந்தாள்! அபராதத்தை மட்டும் திருத்தினால் போதாது. தவணையும் பூட்டிய நாளில் விழாமல் பார்க்கவேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே காலண்டரைப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

பின்னால் வந்த விடுமுறை

இனி மிகவும் நுட்பமான இடம். தவணைத் தேதி புத்தகம் கொடுக்கும்போதே கணிக்கப்பட்டு எழுதப்பட்டுவிடுகிறது. ஜனவரி 17 விடுமுறை என்ற ஆணை வருமுன்பே நம் மாணவி புத்தகத்தை எடுத்திருந்தால் என்ன ஆகும்? அன்றைய காலண்டர்படி 16 பூட்டு, 17 திறப்பு. எனவே கணிப்பொறி 17 என்று எழுதிவிடும். பிறகு நூலகர் புது விடுமுறையைக் காலண்டரில் சேர்க்கிறார். ஏற்கெனவே எழுதிய 17 தானாக மாறிவிடாது! முத்திரை குத்திய தாள்போல அது அப்படியே நிற்கும்.

ஆகவே புது விடுமுறை வந்தால் செய்யவேண்டிய வேலைகள் இரண்டு. காலண்டரில் சேர்ப்பது ஒன்று. வெளியே போயிருக்கும் புத்தகங்களில் அந்த நாளில் விழும் தவணைகளைத் தேடித் தள்ளிவைப்பது மற்றது. முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பது எளிது. தவணைகளை ஒட்டுமொத்தமாக நீட்டிக்கும் வசதி கோஹாவில் இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்த ஆள் நினைவு வைத்திருக்கவேண்டும்.

எல்லா விடுமுறையும் அறிவித்துவிட்டு வருவதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் கொடைக்கானல் மலைவரை வந்து மரங்களைச் சாய்த்தது, பாதைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட நாளில் நூலகம் திறந்திருந்தாலும் மலைக் கிராமத்து வாசகர் எப்படி வருவார்? 2020 மார்ச் 25-இல் தொடங்கிய கொரோனா ஊரடங்கிலோ நூலகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பூட்டிய கதவுக்குள்ளே கணிப்பொறி நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தால், 100 நாள் பூட்டுக்கு 100 ரூபாய் அபராதம்! புத்தகத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா?

சட்டமும் ஒரு கணித ஆசிரியரும்

இந்தச் சிக்கல் நூலகத்துக்கு மட்டும் உரியதன்று. நீதிமன்றத்தில் மனுப் போடக் கெடு உண்டு. கெடு முடியும் நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால்? முன்பு சொன்ன 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. நீதிமன்றமோ அலுவலகமோ கடைசி நாளில் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் இதே கருத்துதான். பார்த்தீர்களா, நம் இரண்டாம் வழியேதான் இது! கணிப்பொறி நம் நாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, கதவைப் பூட்டியவர் காலம் கடந்தது என்று குறை சொல்லக்கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

நூலக உலகிலும் இதற்கு வழிகாட்டி ஒருவர் உண்டு. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் நூலகம் பயில்வோருக்குப் பாடம். அவற்றுள் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நான்காம் விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது.

அந்த நான்காம் விதியை நம் மாணவிக்குப் பொருத்திப் பாருங்கள். அவளுக்கு நான்கு ரூபாய் பெரிதல்ல. பூட்டிய கதவைப் பார்ப்பதற்காக மலைப்பாதையில் போய்வந்த ஒரு நாள் பெரிது. அந்த நாளை எந்த நூலகமும் திருப்பித் தரமுடியாது. சரியான தவணைத் தேதி அச்சான ஒரு சின்னச் சீட்டு, அவளுக்கு வீட்டில் இன்னொரு பொங்கல் நாளைக் கொடுத்திருக்கும்.

நாளை உங்களில் பலர் மென்பொருள் எழுதப் போகிறீர்கள். பால் பண்ணைக்கு எழுதலாம், வங்கிக்கு எழுதலாம், மருத்துவமனைக்கு எழுதலாம். எங்கும் நாள் கணக்கு வரும். கூட்டல் சரியா என்று சோதிப்பதோடு நிற்காதீர்கள். அந்த நாளில் கதவு திறந்திருக்குமா, அங்கே வந்து நிற்கப் போகிறவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்றும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. நவம்பர் 1, வெள்ளிக்கிழமையையும் தமிழக அரசு விடுமுறையாக அறிவித்தது. ஈடாக நவம்பர் 9, சனிக்கிழமை வேலை நாள். நம் கற்பனை நூலகத்தில் அக்டோபர் 17, வியாழக்கிழமை ஒரு புத்தகம் எடுக்கிறீர்கள். நான்கு வழிகளிலும் தவணைத் தேதி என்ன? நவம்பர் 9-ஐக் காலண்டரில் குறிக்க நூலகர் மறந்திருந்தால் எந்த விடையாவது மாறுமா?

அடுத்தமுறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது, பழைய புத்தகம் ஒன்றின் தேதித் தாளைப் பாருங்கள். நூலகத்தின் வார விடுமுறைக் கிழமையில் விழுந்த முத்திரை ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், காலண்டரைப் பார்த்து வளையத்தைத் திருப்பிய அந்த நூலகரை மனத்தில் வாழ்த்துங்கள்.

விடை: முதல் வழி, அக்டோபர் 31. இரண்டாம் வழி, நவம்பர் 4, திங்கள். மூன்றாம் வழி, நவம்பர் 7, வியாழன். நான்காம் வழி, நவம்பர் 8, வெள்ளி. பதினான்கு வேலை நாட்களும் 8-ஆம் தேதியே முடிந்துவிடுவதால், நவம்பர் 9-ஐ மறந்தாலும் இந்தப் புத்தகத்துக்கு மாற்றம் இல்லை. ஆனால் ஒரு நாள் கழித்து, 18-ஆம் தேதி எடுத்திருந்தால் நான்காம் வழி மாறியிருக்கும். எப்படி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!